எதிரும் புதிருமானவர்களின் பிரகடனம்

ஆவடிக்குத் தீர்மானம் புதிதல்ல. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடித்தான் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதே ஊரில் காதல் நாவல்களைப் பற்றித் தீர்மானம் போட வந்திருக்கிறோம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். அந்தத் தீர்மானம் சொத்து யாருக்கு என்பதைப் பற்றியது. எங்களுடையதும் அதுதான். "நீ எனக்கு மட்டும்தான் சொந்தம்" என்று நாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் இடத்தில் இத்தனை வருஷம் நாங்களும் உருகிப்போய்ப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம்.

நாங்கள் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி வாசகர்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைப்பவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர்கள், அதே எஸ்டேட்டின் கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்பவர்கள், மாமியாருக்குத் தெரியாமல் போனில் படிக்கும் மருமகள்கள், மருமகளுக்குத் தெரியாமல் படிக்கும் மாமியார்கள். இயக்கத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. வைக்க உட்கார்ந்த அன்று சண்டை வந்துவிட்டது.

ரமணிசந்திரன் நாவலைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவர்கள் எங்களில் பாதிப் பேர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாயாடிப் பெண்ணுக்கும் உம்மணாமூஞ்சிப் பையனுக்கும் முடிச்சுப் போடும் கதை எங்களுக்கு என்றைக்கும் பிடிக்கும். எங்கள் ஊரே அப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையும், ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் ஆவடியில் அக்கம்பக்கம். இரும்பும் நூலும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய் வருகின்றன. ஒன்று இன்னொன்றாக மாறிவிடவில்லை.

நாவலில் மாறிவிடுகிறது. எங்கள் வழக்கு அங்கேதான் ஆரம்பம். முதல் பத்து அத்தியாயம் எதிரும் புதிருமாக இருந்த இருவரில் ஒருவர், அனேகமாக அவள், கடைசி அத்தியாயத்துக்குள் மற்றவரின் ஜாடைக்கு வந்துவிடுகிறாள். நடுவில் அவள் நெஞ்சில் இருந்த பயம், 'இவனுக்கு நான் பொருத்தமா, விட்டுப் போய்விடுவானோ' என்ற பயம், ஒரே அணைப்பில் கரைந்துவிடுகிறது. எங்கள் வீடுகளில் அது அப்படிக் கரைவதில்லை.

எங்களில் ஒருவர் டிப்ளமா படித்தவர், மெஷின் ஷாப்பில் வேலை. மனைவி சாப்ட்வேர். ஆபீஸில் எடுத்த படங்களை அவள் காட்டும்போதெல்லாம் "பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று சாதாரணமாகக் கேட்பார். போனை வாங்கிப் பார்ப்பார். அவருக்குக் கேட்க வேண்டியிருந்த கேள்வி அதுவல்ல. "நான் உனக்குப் போதுமா?" என்பது. அதைக் கேட்க அவருக்கு மூன்று வருஷம் ஆனது. கேட்டதும் அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில், பைக்கில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா! பின்னால் இருந்தவள் சொன்னாள்: "உங்க படிப்பைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. நான் வைக்கிற குழம்பை உங்க அம்மா யார்கிட்ட என்ன சொல்றாங்களோன்னுதான் தூக்கமே வராது." பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், இருவருக்கும் காதில் விழவில்லை. இந்த மூன்று வருஷத்தை எழுதிய நாவல் எங்கள் அலமாரியில் இல்லை.

சத்தியம் வாங்கினால் பயம் தீரும் என்பார்கள். திருமுல்லைவாயல்காரர்களிடம் இந்தப் பேச்சு செல்லாது. திருவொற்றியூரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைச் சுந்தரர் விரும்பினார். திருவாரூரில் அவருக்குப் பரவையார் இருக்கிறார். எனவே 'உன்னைப் பிரியேன்' என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் சிவனிடமே ரகசியமாகப் பேசி, சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்தடியில் இருந்துகொள்ளும் என்கிறார். சிவனோ சங்கிலியார் கனவில் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். இந்தக் கதையை எழுதியவர் பூந்தமல்லிக்கு அடுத்த குன்றத்தூர்ச் சேக்கிழார். திருப்பம் வைக்க அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கடவுளையே சாட்சி வைத்து வாங்கிய சத்தியமும் நிற்கவில்லை. வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு வந்தது, சுந்தரர் கிளம்பினார், எல்லை தாண்டியதும் பார்வை போனது. பார்வையில்லாமல் அவர் வந்து பதிகம் பாடிய தலங்களில் ஒன்று எங்கள் மாசிலாமணீசுவரர் கோயில். அவர் கண் திரும்பக் கிடைத்த கதையை எல்லோரும் சொல்கிறோம். ஒற்றியூரில் காத்திருந்தவளின் பயம் என்ன ஆனது என்று எந்தக் கதாகாலட்சேபத்திலும் நாங்கள் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட பயத்தை விசாரித்தவர் என்று சொல்ல ஒரு ஜெயகாந்தன் உண்டு. 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலில் மேடை நடிகை கல்யாணி ஒரு துருவம், பத்திரிகைக்காரன் ரங்கா மறு துருவம். பீம்சிங் இயக்கத்தில் அது 1978-இல் படமாகவும் வந்தது. தான் இல்லாமலும் அவளால் இருக்க முடியும் என்பதுதான் ரங்காவை உறுத்துகிறது என்பது எங்கள் வாசிப்பு. அந்த உறுத்தலை ஜெயகாந்தன் வில்லத்தனமாகவும் ஆக்கவில்லை, காதல் என்று பூச்சூட்டவும் இல்லை.

ஆகவே எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறோம். அறைந்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொடுக்கும் நாயகன் எங்களுக்கு இனி வேண்டாம். கட்டாயத் தாலியில் தொடங்கும் கதையும் வேண்டாம். 'பொசசிவ்' என்ற சொல்லைப் பாராட்டாக எழுதாதீர்கள். போனை வாங்கிப் பார்க்கும் பயத்தைப் பயம் என்றே எழுதுங்கள். ஆணுக்கும் அது உண்டு, சம்பளச் சீட்டில், ஆங்கிலத்தில், தலைமுடியில். கறுத்த நாயகியைக் கடைசியில் 'மாநிறம்' ஆக்காதீர்கள். பேசாதவன் பேசாதவனாகவே இருக்கட்டும், கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லட்டும். சுபம் கட்டாயம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது அது ஒன்றுதான்.

எங்கள் பங்குக்கும் ஒரு குற்றம் உண்டு. 'எப்போ சேருவாங்க, அடுத்த எபிசோட் எப்போ' என்று எழுத்தாளர்களை அரித்து அந்த மூன்று வருஷத்தை மூன்று பத்தியாகச் சுருக்க வைத்தது நாங்கள்தான். இனி அரிக்க மாட்டோம். சத்தியம் செய்யவில்லை, சொல்கிறோம்.

வீட்டில் பழைய மாத நாவல் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு எடுத்து வாருங்கள். ஜோடியாக வரலாம், தனியாக வரலாம், சண்டை போட்டுக்கொண்டும் வரலாம். கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.