மிதிவெடி வயலின் விதி அரிசி ஆலைக்கும் வேண்டும்

வன்னியில் ஆகவும் ஆபத்தான வேலை எது என்று யாரைக் கேட்டாலும் மிதிவெடி அகற்றுவதுதான் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆகவும் ஒழுங்காகப் பாதுகாக்கப்படும் வேலையும் அதுவே. காலையில் வேலைக்கு இறங்கும் முன் அணித் தலைவர் அன்றைய இடத்தின் ஆபத்துகளைச் சொல்கிறார். உலோகம் கண்டறியும் கருவியை மாதிரித் துண்டொன்றின் மேல் பிடித்துச் சோதிக்கிறார்கள். யாருக்கு என்ன இரத்த வகை என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. முதலுதவி தெரிந்தவரும் காயப்பட்டவரை ஏற்றிச் செல்ல வாகனமும் அங்கே நிற்காவிட்டால் வேலை தொடங்காது. பார்க்கப் போகிறவர்கூட விளக்கத்தைக் கேட்டு, கையெழுத்திட்டு, கவசம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம்.

அந்த வயலில் இருந்து மன்னார் வீதிக்கு ஏறி, செட்டிகுளம் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்குள் நுழையுங்கள். பெல்ட் திறந்தபடி ஓடுகிறது. உமித்தூசி கண்ணை மறைக்கிறது. அவியல் கொதிகலனுக்குப் பக்கத்தில் நாட்கூலிக்கு வந்தவர் வெறுங்காலோடு நிற்கிறார். சேலைத் தலைப்பும் சாரமும் சுழலும் தண்டில் சிக்கினால் இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது முதலாளிக்கும் இயந்திரம் ஓட்டுபவருக்கும் மட்டுமே தெரியும். எல்லா ஆலையும் இப்படியென்று சொல்லமாட்டோம். எந்த ஆலை இப்படி, எது அப்படியில்லை என்று அறிந்துகொள்ள நமக்கு ஒரு வழியும் இல்லை என்பதே நாம் சொல்ல வருவது.

ஆகவே இதைத் தெளிவாகவே கேட்கிறோம். அரிசி ஆலை, மரக்காலை, கல்லுடைக்கும் கிரஷர், வெல்டிங் பட்டறை போன்ற வன்னியின் சிறு வேலைத்தளங்களுக்கென ஒரு பாதுகாப்புத் தராதரமும் அதற்கு ஒரு சான்றிதழும் உருவாக்கப்பட வேண்டும். அதன் முதல் வரைவு தமிழில் எழுதப்பட வேண்டும். அதைத் தொடங்குவதற்கு வெண்கலச்செட்டிகுளம் பிரதேசத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஏன் புதிதாக ஒன்று, சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பிரித்தானியரின் 1937 சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேலி போடவேண்டும் என்று அது அன்றே சொல்லிவிட்டது. தொழிலாளி மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போகமுடியாதபடி காயப்பட்டால் அதை அறிவிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் அதை நடைமுறைப்படுத்தவேண்டியவர்கள். ஆனால் அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊருக்குள் இருக்கும் சிறு மில்லுக்கு அவர்கள் வருவது அரிது. வயலும் தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள் வருவதேயில்லை. அதற்குப் பதிலாக விரிவான தொழில்சார் பாதுகாப்புச் சட்டமொன்று கொண்டுவரப்படும் என்ற பேச்சு பல அரசாங்கங்களைக் கடந்து வந்துகொண்டிருக்கிறது. 2009இல் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் அமைக்கப்பட்டது. அதன் பயிற்சிகளின் பயன் கொழும்பைச் சுற்றிக் கிடைக்கும் அளவுக்கு மன்னார் வீதிக்கு வந்து சேரவில்லை.

சர்வதேசத் தராதரமும் உண்டு. பிரித்தானியரின் 1996 வழிகாட்டியில் தொடங்கி, 1999இல் ஓசாஸ் 18001 ஆகி, 2018 மார்ச்சில் ஐ.எஸ்.ஓ. 45001 என்ற பெயரில் உலகுக்கு ஒன்றாக வந்தது. மோசமான ஆவணம் என்று சொல்லமுடியாது. ஆபத்தை விபத்துக்கு முன்பே தேடிப் பார், அதை அகற்ற முடிந்தால் அகற்று, முடியாவிட்டால் மட்டும் கையுறையும் தலைக்கவசமும் கொடு என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. தொழிலாளியைக் கேட்காமல் பாதுகாப்பைத் திட்டமிடாதே என்றும் அது வற்புறுத்துகிறது. போருக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளுக்கு இப்படியான சான்றிதழ்கள் பழக்கமானவை, ஏனென்றால் வெளிநாட்டில் வாங்குபவர் கேட்கிறார். செட்டிகுளத்து அரிசியை வாங்குபவர் அப்படி எதையும் கேட்பதில்லை. ஆறு பேர் வேலை செய்யும் மில்லுக்குள் கொள்கைப் பிரகடனம், உள்ளகக் கணக்காய்வு, முகாமைத்துவ மீளாய்வு என்று கோப்புகளை அடுக்கச் சொன்னால், முதலாளி கோப்பை விலைக்கு வாங்குவார். பெல்ட் திறந்தபடியே ஓடும்.

கோப்பு எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பதற்குக் கராச்சி சாட்சி. 2012 செப்டெம்பர் 11ஆந் திகதி அங்கே அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சன்னல்களுக்குக் கம்பி, வெளியேறும் கதவுகளுக்குப் பூட்டு. அந்தக் கட்டடத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற மதிப்புமிக்க சமூகத் தராதரச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டாக்கா அருகே ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பின்னர்தான், பங்களாதேஷில் பரிசோதனை அறிக்கைகளைப் பகிரங்கமாக வெளியிடும், நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சான்றிதழின் நோய் தெரிகிறது. பரிசோதிக்கப்படுபவரே பரிசோதகருக்குக் காசு கொடுக்கிறார், முடிவை வேறு யாரும் பார்க்கமுடியாது.

செட்டிகுளத்து மக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2009இல் போரால் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் இங்குள்ள மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தபோது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் என்று மனிதாபிமானத் தராதரங்கள் பேசப்பட்டன. எண்கள் அறிக்கையில் இருந்தன, சனம் பைப்படியில் வரிசையில் நின்றது. தராதரம் என்ற சொல்லைக் கேட்டதும் இந்த ஊர் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்குமானால் அதற்கு நியாயம் உண்டு.

பின் ஏன் மிதிவெடித் துறையை மாதிரியாகக் காட்டுகிறோம்? அங்கேயும் ஆவணங்கள் இருக்கின்றனதான். 2001இல் ஐ.நா. வெளியிட்ட சர்வதேச மிதிவெடி நடவடிக்கைத் தராதரங்களில் பாதுகாப்புக்கும் தொழில்சார் சுகாதாரத்துக்குமென்றே ஒரு தொகுதி உண்டு. நமது நாடும் அதைத் தழுவித் தேசியத் தராதரங்களை வைத்திருக்கிறது. வித்தியாசம் அவை எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. உடற்கவசம் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வெடிக்கும் 240 கிராம் டி.என்.டி.யைத் தாங்கவேண்டும். முகக் கவசம் 5 மில்லிமீற்றர் தடிப்பான பொலிகாபனேற்றாக இருக்கவேண்டும். “போதிய பாதுகாப்பு வழங்கப்படும்” என்ற வழுக்கல் வசனத்துக்கு அங்கே இடமில்லை. அளந்து பார்த்தால் இருக்கும், அல்லது இல்லை.

அனுமதியும் இரண்டு படியாக வருகிறது. முதலில் நிறுவனத்தின் ஆளணியையும் நடைமுறைகளையும் பார்க்கிறார்கள். அதன் பின் அணி நிலத்தில் இறங்கி வேலை செய்வதை நேரில் பார்த்தே செயற்பாட்டு அனுமதி கொடுக்கப்படுகிறது. விபத்து நடந்தால் என்ன நடந்தது என்று விசாரித்து எழுதி, மற்ற நிறுவனங்களும் படித்துக்கொள்ளும்படி பகிர்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. வாரியால் மண்ணை மெல்ல மெல்ல இழுத்து மிதிவெடியை வெளிப்படுத்தும் முறை, நோர்வே மக்கள் உதவி நிறுவனம் இங்கே வேலை செய்த காலத்தில் இலங்கை மண்ணில் வளர்த்தெடுக்கப்பட்டது. தோட்டத்து வாரியை உலகத் தராதரத்தோடு பொருந்தும் கருவியாக்க இங்கே முடிந்திருக்கிறதென்றால், அரிசி ஆலைக்கு நமது கையால் ஒரு தராதரம் எழுதமுடியாது என்று சொல்ல யாருக்கும் துணிவு வரக்கூடாது.

எழுதப்படும் தராதரம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பெல்ட்டுக்கும் கப்பிக்கும் கைவிரல் நுழையாத கம்பிவலைக் காப்பு இருக்கிறதா? எந்த இடத்தில் நின்றாலும் எட்டித் தட்டக்கூடிய நிறுத்து சுவிட்ச் உண்டா, வேலைக்கு வந்த முதல் நாளே அது ஒவ்வொருவருக்கும் காட்டப்பட்டதா? கொதிகலனின் பாதுகாப்பு வால்வு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, சோதித்தவர் யார்? கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சாதனம் வேலை செய்கிறதா? கிரஷரில் தூசிக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களா? சில்லுக்கல் தூசி நுரையீரலுக்குள் போய் ஆண்டுக்கணக்கில் இருந்து கொல்லும். கை துண்டிக்கப்படுவதுபோல் அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் கிரஷர் தொழிலாளி காச நோயாளியென்றே கணக்கில் போய்விடுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஆம், இல்லை என்ற விடைதான். பத்தாம் வகுப்புப் படித்த எவரும் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து நிரப்பலாம். நிரப்புபவர்களில் ஒருவராவது அங்கே வேலை செய்பவராக இருக்கவேண்டும், முதலாளியின் மருமகனாக இருக்கக்கூடாது.

வயலுக்கு இதே தாள் பொருந்தாது. மருந்தடிப்பவருக்கு வேறு, அறுவடை இயந்திரத்தோடு போகிறவருக்கு வேறு. வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. வேளாண் இரசாயனம், குடிநீர், வெயிலில் உடல் வற்ற வற்ற வேலை செய்தல் எனப் பலவும் சந்தேகிக்கப்படுகின்றன. காரணம் எதுவானாலும் நிழலும் நல்ல தண்ணீரும் கொடுப்பதால் எவருக்கும் நட்டமில்லை. கமக்காரர் அமைப்புகள் ஊடாக அதைத் தனியே செய்யலாம். ஆலைகளுக்கான தாளோடு அதையும் சேர்த்துக் குழப்பினால் இரண்டும் நடக்காது.

யார் பரிசோதிப்பது என்பதில்தான் வழக்கமாக எல்லாம் உடைந்துபோகும். ஆலைகள் இப்போதே ஆண்டுதோறும் பிரதேச சபையிடம் அனுமதிப்பத்திரம் எடுக்கின்றன. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் எடுக்கின்றன. அயலவரின் காதுக்கும் மூக்குக்கும் உள்ள அக்கறை அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. உள்ளே நிற்பவரின் கைக்கு இல்லை. இந்த இரண்டோடும் பாதுகாப்புச் சான்றிதழையும் கோர்த்துவிட்டால் புதிதாக ஓர் அலுவலகம் திறக்கவேண்டியதில்லை. கட்டணம் சபைக்குப் போகட்டும், பரிசோதகரின் கைக்குப் போகக்கூடாது. பரிசோதனையின் முடிவு ஆலை வாசலிலும் சபை அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்படவேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அந்தத் தாளைப் பரிசீலித்து, சிறு தொழில்களுக்கான தேசியக் கட்டளையாக ஏற்கலாம். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் இருக்கிறது; அளவீடுகளை எழுத அங்கே ஆள் உண்டு.

ஆலைக்காரர் என்ன சொல்வார் என்பது தெரியும். நெல்லு விலையும் மின் கட்டணமும் கழுத்தை நெரிக்கிறபோது இதுவும் ஒன்றா? கோபம் நியாயமானது. ஆனால் கணக்கையும் பார்க்கவேண்டும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, ஆகக் கூடிய நட்டஈடு 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்துவிட்டது. வேலைக்கு வரும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்துவிட்டது. கம்பிவலைக் காப்பு ஒன்றை ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தண்டம் இல்லை, திருத்தக் கால அவகாசம் மட்டும் என்று சபை அறிவித்தால் ஒத்துழைக்கும் முதலாளிகள் பலர் இருப்பார்கள். கொதிகலனில் மட்டும் அவகாசம் கூடாது. அது வெடித்தால் மன்னிப்புக் கேட்க ஆள் மிஞ்சாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கான சமவாயங்களை ஏற்றுறுதிப்படுத்தாத உறுப்பு நாடும் அதை மதிக்கவேண்டும். இந்த வேலை பிரதேச சபையின் தயவில் நிற்பதல்ல என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

கடைசியாக ஆட்களைப் பற்றி. இலங்கை 2017 டிசெம்பரில் ஒட்டாவா சமவாயத்தில் இணைந்தது. அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிக்கவேண்டிய காலக்கெடு 2028 ஜூன் 1. நிலம் துப்புரவாக ஆக, அதில் வேலை செய்யும் பெண்களும் ஆண்களும் வேலை இழக்கத் தொடங்குவார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் அவர்களில் பலர். ஆபத்தைத் தேடிப் பார்க்கவும், அளக்கவும், ஒழுங்கு மீறியவரைப் பார்த்து “நில்” என்று சொல்லவும் ஆண்டுக்கணக்காகப் பழகியவர்கள் அவர்கள். அவர்களை மறுபடி நாட்கூலிக்கு, அதே திறந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதா? தொழில் திணைக்களம் சில மாத மேலதிகப் பயிற்சி கொடுத்தால் வன்னி முழுவதற்கும் வேண்டிய பாதுகாப்புப் பரிசோதகர்கள் அவர்களிடமிருந்தே கிடைப்பார்கள். கொடையாளர் பணம் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வோர் அணியிலிருந்தும் சிலரைத் தெரிந்து அந்தப் பயிற்சிக்கு அனுப்பும் திட்டத்தை வவுனியா மாவட்டச் செயலகமும் மிதிவெடி அகற்றும் நிறுவனங்களும் ஒன்றாக இருந்து எழுதவேண்டும். வெண்கலச்செட்டிகுளம் பிரதேச சபை தனது அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு பரிசோதகர்களின் சம்பளத்துக்கு இடம் ஒதுக்கி, எல்லைக்குட்பட்ட அரிசி ஆலைகளில் இருந்து வேலையைத் தொடங்கட்டும்.