கேட்டால் கெட்டுவிடாது

2017 செப்டம்பர் வரை குழுமூர் என்ற ஊர்ப் பெயர் அரியலூர் மாவட்டத்தைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காத அவ்வூர் மாணவி அனிதா அந்த மாதம் முதல் தேதி தற்கொலையால் இறந்தபோது நாடே தெரிந்துகொண்டது. 2020, 2021 செப்டம்பர்களிலும் அதே மாவட்டத்திலிருந்து அப்படியே செய்தி வந்தது. மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத்தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை நடக்கட்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு சாவுக்கு ஒற்றை வார்த்தையில் காரணம் எழுதிவிட்டால், "நம்ம பிள்ளை அந்தப் பரீட்சை எழுதலையே" என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம். எனக்குப் பயம் அந்த நிம்மதியைப் பார்த்துத்தான்.

மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே. அந்த வயதில் அது அழுகையாக மட்டும் வருவதில்லை. பல நேரம் எரிச்சலாக வரும். காரணம் தெரியாத வயிற்றுவலியாக, தலைவலியாக வரும். ராத்திரி தூக்கம் போகும், கபடிக்குக் கூப்பிட்டால் "வரல" என்பான், மார்க் இறங்கும். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே" என்று பேச்சோடு பேச்சாக விழும். வீட்டில் இதற்கு "வயசுத் திமிர்", "எந்நேரமும் செல்லு" என்று பெயர். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் பல வீடுகளில் அப்பா வளைகுடாவில் இருப்பார். வீடியோ காலில் சிரிக்கிற பிள்ளையைத்தான் அவருக்குத் தெரியும். மந்திரிக்கக் கூட்டிப்போகும் பாட்டியோடு எனக்குச் சண்டை இல்லை. அப்படியே டாக்டரிடமும் போய்விட்டு வாருங்கள். இந்த அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கட்டாயம் போக வேண்டும்.

அதற்கு முன் நேராகக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா கண்ணு?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோரும் ஆசிரியரும் பயப்படுகிறார்கள். விதைக்காது, கேட்டால் பாரம் குறைகிறது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. "ஆமா" என்று பதில் வந்தால் அறிவுரை வேண்டாம், திட்டு வேண்டாம். தனியாக விடாமல் கூட இருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று, அரியலூரும் பெரம்பலூரும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மாவட்டங்கள். பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில், ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டுப்பெட்டிகள் வைத்து மருந்தைச் சேமிக்கச் செய்தது தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பு. பலன் இருந்தது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் தடை செய்தார்கள். பத்தே ஆண்டில் தற்கொலை விகிதம் பாதியானது. பலருக்கு அந்த எண்ணம் கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்று இறங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக்கூடாது. பூட்டுச் சாவி பெரியவர் இடுப்பில் இருக்கட்டும்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் அரங்குக்கு அனிதா பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லது. அங்கே மனநல மருத்துவரைப் பார்க்க எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

பெரம்பலூரோ அரியலூரோ, எந்த ஊரானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். 104-உம் உண்டு, குழந்தைகளே அழைக்க 1098. இதைப் படித்து முடித்ததும் மூன்றையும் உங்கள் போனில் ஏற்றுங்கள், பிள்ளையின் போனிலும்.