இருள் கற்பித்த பாடம்

மின்சாரம் நின்றுவிட்டால் வாழ்க்கையே நின்றுவிட்டது போல் பதறுகின்றோம். அப்பதற்றம் தேவைதானா என்பதை மாணவச் செல்வங்களுடனும் பெற்றோர்களுடனும் இம்மலரின் வாயிலாகச் சிந்திக்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூர் சுவா சூ காங்கில் உள்ள எம் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பியரும் மிளகும் பயிரான அவ்வட்டாரம் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். ஓரிரவு அங்கு மின்சாரம் தடைப்பட்டது. மின்விசிறி நின்றது, தொலைக்காட்சி அடங்கியது. தங்கை காமாட்சி விளக்கை ஏற்றிக் கூடத்தில் வைத்தாள்.

ஆளுக்கொரு மூலையில் இருந்த பிள்ளைகள் விளக்கருகே வந்தமர்ந்தனர். நம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய எம் அன்னையார், வைகறையில் நெற்றி விளக்குடன் நிரைக்குச் சென்றதைச் சொன்னார். "இருட்டில் பயமாக இருக்காதா, பாட்டி?" என்று பேரன் கேட்டான். காட்டில் வழி தவறிய நாளொன்றின் கதையை அவர் தொடங்கினார். அவ்விருவரும் ஆர அமர்ந்து பேசியதை அன்றுதான் கண்டோம்.

முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் மீண்டது. கதை பாதியில் நின்றது. உடனே கைப்பேசியைத் தேடியெடுத்தவர்களுள் முதல்வர் நாமே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

இருளைப் போற்றுவது எம் நோக்கமன்று. மண்ணெண்ணெய் விளக்கில் கண் எரியப் படித்த தலைமுறை மின்சாரத்தின் அருமையை நன்கறியும். மின்தூக்கியில் சிக்கியவருக்கும், கருவியின் துணையால் மூச்சு விடும் நோயாளிக்கும் மின்தடை துன்பமே. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் இரண்டு மின்னுற்பத்திப் பொறிகள் செயலிழந்தமையால், சிங்கப்பூரில் ஏறத்தாழ 146,000 வீடுகளும் வணிக இடங்களும் இருளில் மூழ்கின. 38 நிமிடங்களில் மின்சாரம் முழுமையாக மீண்டது. அவ்விரைவு பாராட்டுக்குரியது.

ஆயினும் அன்றிரவு கிட்டிய அமைதி இருளால் வந்ததன்று. கவனத்தைக் கவர வேறெதுவும் இல்லாமையால் வந்தது. எனவே அதற்காக மின்தடையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. 2007இல் சிட்னி நகரில் தொடங்கிய 'பூமி நேரம்' ஆண்டுக்கொரு முறை ஒரு மணி நேரம் விளக்கணைக்கச் சொல்கின்றது. நாம் வேண்டுவது நாள்தோறும் அரைமணி நேரம். விளக்கு எரியட்டும், தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். நாளெல்லாம் உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு இஃது எளிதன்று என்பதை அறிவோம். பேசக்கூட வேண்டா, பிள்ளைகளின் அருகே அமர்ந்திருந்தாலே போதும்.

எம் அன்னையார் இன்று இல்லை. காட்டில் வழி தவறியவர் எவ்வாறு வீடு திரும்பினார் என்பதை நாம் கேட்காமலே இருந்துவிட்டோம். மாணவர்களே, உங்கள் பாட்டியின் கதையை இன்றிரவே கேட்டு முடியுங்கள்.