பத்தியமும் பிரமாணமும்

மாக்ஸ் கெர்சன் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயரைக் கேள்விப்படாத வாசகர்கள்கூட, காரட்டுச் சாறு புற்றுநோயைக் கரைத்துவிடும் என்ற செய்தியை யாரேனும் ஒரு நலம்விரும்பியின் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். அந்தச் செய்தியை உலகில் உலவவிட்டவர்களுள் முதன்மையானவர் அவரே. அவரை மோசக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது ஒரு சாராருக்கு வழக்கம். வஞ்சிக்கப்பட்ட மகான் என்று மாலை சூட்டுவது மற்றொரு சாராருக்கு வழக்கம். நான் இரு கட்சியிலும் சேர்ந்தவனல்லன். அவர் யோக்கியர், கடும் உழைப்பாளி, தாம் சொன்னதைத் தாமே பரிபூரணமாக நம்பியவர்; அவருடைய புற்றுநோய்ச் சிகிச்சையோ பயனற்றது. நல்லவர் சொல்வதெல்லாம் நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், இவ்விரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் பலருக்கு அது முரணாகப் படுகிறது.

இன்று போலந்து நாட்டைச் சேர்ந்ததும் அன்று ஜெர்மானியப் பேரரசின் கீழ் இருந்ததுமான வொங்க்ரோவிட்ஸ் என்ற சிற்றூரில், 1881ஆம் ஆண்டு, ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த கெர்சன், வைத்தியக் கல்வி பயின்ற காலத்திலேயே ஒற்றைத் தலைவலியால் பெரிதும் வருந்தினார். ஆசிரியர்களிடம் அதற்குப் பரிகாரம் கிடைக்காமற் போகவே, தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கி, இன்ன உணவு தின்றால் வலிக்கிறது, இன்னது தின்றால் வலிக்கவில்லை என்று கணக்கிட்டுப் பார்த்து, கடைசியில் உப்பை அடியோடு நீக்கிய, பழமும் காய்கறியும் மிகுந்த ஓர் ஆகார முறைக்கு வந்து சேர்ந்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்தத் துறவின் கடுமையை விளக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி காந்தியடிகள் சொல்ல, உம்மாலேயே அது முடியாதே என்று அம்மையார் திருப்பிக் கேட்டதும், ஓராண்டுக்கு இரண்டையும் துறப்பதாக அவர் அந்த இடத்திலேயே சங்கற்பம் செய்துகொண்டதைச் ‘சத்திய சோதனை’ படித்தவர்கள் அறிவார்கள். அந்தத் தலைமுறையின் மனப்போக்கே அப்படி. ஐரோப்பாவிலும் இயற்கை வைத்தியமும் பத்தியமும் நாலு பேர் மதித்துப் பேசும் விஷயங்களாகவே இருந்தன.

முதல் உலக யுத்தம் முடிந்தபின் பீலெஃபெல்ட் நகரில் வைத்தியம் பார்த்துவந்த கெர்சனிடம் தலைவலிக்காக வந்த ஒரு நோயாளிக்குச் சருமத்தில் க்ஷயமும் இருந்தது. மூக்கையும் கன்னத்தையும் மெல்ல அரித்து முகத்தையே குலைத்துவிடும் அந்நோய்க்கு அக்காலத்தில் திடமான மருந்து கிடையாது. தலைவலிக்குக் கொடுத்த பத்தியத்தில் சருமமும் ஆறியதைக் கண்ட கெர்சன் அந்த வழியிலேயே மேற்சென்றார். மியூனிக் நகரின் பிரசித்தி பெற்ற ரண சிகிச்சை நிபுணர் ஃபெர்டினாண்ட் ஸவர்புருக் தம் பெயரையே அந்தப் பத்தியத்தோடு சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அதில் ஈடுபாடு காட்டினார். ஆல்பர்ட் ஷ்வைட்ஸரின் மனைவியாருக்கு இருந்த க்ஷயத்துக்குக் கெர்சன் சிகிச்சை செய்தார். ஷ்வைட்ஸர் தம் ஆயுள் முழுவதும் அவரைப் போற்றிவந்தார். ஆக, வைத்திய உலகம் முதல் நாளிலேயே கதவடைத்து அவரைத் துரத்திற்று என்று அடியார்கள் சொல்லும் கதை சரித்திரத்துக்குப் பொருந்தாது. துரத்தியவர் ஹிட்லர். 1933இல் ஜெர்மனியை விட்டு வியன்னாவுக்கும், அங்கிருந்து பாரிஸுக்கும், 1936இல் நியூயார்க்குக்குமாக அலைந்த அவர், ஐம்பது வயதைக் கடந்தபின் அந்நிய பாஷையில் மறுபடியும் பரீட்சை எழுதி, 1938இல் அங்கே வைத்தியம் செய்ய அனுமதி பெற்றார். இந்த ஒரு பிரயத்தனத்துக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

நியூயார்க்கில் அவர் முழுமூச்சாக இறங்கியது புற்றுநோயில். உடம்பில் சோடியம் மிகுந்து பொட்டாசியம் குறைவதாலும், கல்லீரல் நஞ்சைக் கழிக்கும் சக்தியை இழப்பதாலுமே புற்றுநோய் மூள்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். அதை அனுசரிக்கும் நோயாளியின் ஒரு நாளைச் சற்றுக் கிட்டே நின்று பார்க்கலாம். காலையில் தொடங்கி மணிக்கொரு தம்ளர் வீதம், நாளொன்றுக்குப் பதின்மூன்று தம்ளர் சாறு: ஆரஞ்சு, காரட்டும் ஆப்பிளும் கலந்தது, பச்சிலைகள், அவர் காலத்தில் பச்சைக் கன்றுக்குட்டி ஈரலின் சாறும்கூட. சாற்றைச் சுழல் எந்திரத்தில் எடுக்கலாகாது. அரைத்து, துணியில் கட்டி, அழுத்தியில் வைத்துப் பிழிய வேண்டும். அவ்வப்போது பிழிந்து அப்போதே குடிக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, பிரஷர் குக்கர் கூடாது, உப்பு கூடாது. சாற்றில் பொட்டாசியக் கரைசல் கலக்க வேண்டும். அயோடினும் தைராய்டு மாத்திரையும் வேறு. இவற்றுக்கெல்லாம் இடையே, சில மணி நேரத்துக்கு ஒருமுறை, காப்பி டிகாக்ஷனால் எனிமா. காலையில் நாம் வாய்வழி அருந்தி மகிழும் அந்த வஸ்துவை இவ்வாறு உபயோகிக்கும் எண்ணம் நம்மவருக்கு அதிர்ச்சி தரலாம். கெர்சனோ, அது பித்தநீரைப் பெருக்கி நஞ்சை வெளியேற்றும் என்று மெய்யாகவே நம்பினார். வீட்டில் ஒருவர் இந்தச் சிகிச்சையில் இருந்தால் மற்றொருவர் விடிந்ததிலிருந்து காய் கழுவுவதும், நறுக்குவதும், அரைப்பதும், பாத்திரம் துலக்குவதுமாகவே பொழுதைக் கழிக்க வேண்டும். அந்த மற்றொருவர் பெரும்பாலும் யாராக இருப்பார் என்பதை நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1946ஆம் ஆண்டு ஜூலை மாதம், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை ஒதுக்கும் மசோதா ஒன்றின் பொருட்டு, செனட்டர் கிளாட் பெப்பர் தலைமையில் கூடிய குழுவின் முன், கெர்சன் தம் நோயாளிகள் ஐவரையும் எக்ஸ்ரே படங்களையும் கொண்டுவந்து நிறுத்திச் சாட்சியம் அளித்தார். மசோதா நிறைவேறவில்லை. சில மாதங்களில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகை அவரைக் கடுமையாகத் தாக்கிற்று. பிற்காலத்தில் நியூயார்க் மருத்துவச் சங்கம் அவருடைய உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. அந்தப் பத்திரிகை 1953 வரை சிகரெட்டு விளம்பரங்களை வாங்கிப் பிரசுரித்துக்கொண்டிருந்தது என்பதையும், கெர்சன் தம் நோயாளிகளைப் புகையிலையின் பக்கமே போகக்கூடாது என்று தடுத்தவர் என்பதையும் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் எதிரி யோக்கியனல்லன் என்பதனால் நம் கட்சி மெய்யாகிவிடாது. கெர்சனின் பின்னடியார்கள் செய்த பெரும் பிழை இங்கேதான் தொடங்குகிறது. அவர் பட்ட அவமானங்களையெல்லாம் அவருடைய சிகிச்சைக்குச் சான்றுகளாக அவர்கள் அடுக்கினார்கள்; 1959 மார்ச்சில் அவர் இறந்தபோது, விஷம் வைத்துக் கொன்றார்கள் என்ற கதையையும், ஆதாரம் ஏதுமின்றி, அந்த அடுக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் விட்டுச்சென்ற மெய்யான சான்று, இறப்பதற்கு முந்திய ஆண்டு வெளியான அவருடைய நூலில் உள்ள ஐம்பது நோயாளிகளின் வரலாறு. படிப்பவர் மனத்தைக் கவரும் வரலாறுகள்தாம் அவை. என்றாலும், ஐம்பது பேர் பிழைத்தார்கள் என்றவுடன், எத்தனை பேரில் என்று கேட்பதல்லவா முறை? பிழைத்தவர் வந்து சாட்சி சொல்வார்; மாண்டவர் எப்படி வந்து சொல்வார்? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1947இல், அவரே தேர்ந்துகொடுத்த பத்து நோயாளிகளின் குறிப்புகளையும், 1959இல் இந்த ஐம்பதையும் ஆராய்ந்தது. முதற் பத்துப் பேரும் வேறு சிகிச்சைகளையும் உடன் பெற்றவர்கள். ஐம்பதில் பெரும்பான்மை, ஒரு சிகிச்சையை மதிப்பிடத் தேவையான அடிப்படை விவரங்களே இல்லாதவை. பத்தியத்தால் விளைந்த நன்மை என்று எதையும் சுட்ட இயலவில்லை என்பதே இரண்டு முறையும் கிடைத்த விடை.

இதைவிட நல்ல பரீட்சைக்கு அக்காலத்தில் வழியேது என்று கேட்கலாம். வழி இருந்தது, அதுவும் கெர்சன் பெயர் பெற்ற க்ஷய ரோகத்திலேயே பிறந்தது. அவர் செனட்டர்களின் முன் நின்றதற்கு அடுத்த ஆண்டு, பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைஸின் மருந்தைச் சோதித்தவர்கள், எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வெறும் ஓய்வு என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், முத்திரையிட்ட உறைகளில் வைத்த சீட்டின் மூலம் தீர்மானித்தார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், பெறாத 52 பேரில் பதினால்வரும் இறந்தனர். அதற்குமேல் எவருடைய நற்சாட்சிப் பத்திரமும் தேவைப்படவில்லை.

நம் ஊரிலும் அது நடந்தது என்பதைச் சென்னைவாசிகளே மறந்துவிட்டார்கள். க்ஷய ரோகிக்கு நல்ல காற்றும் பூரண ஓய்வும் பாலும் முட்டையுமான புஷ்டியான ஆகாரமும் இன்றியமையாதவை என்பது அன்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வேதவாக்கு. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அந்த யுகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்டு, இன்று சேத்துப்பட்டில் தேசிய ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளைச் சீட்டின் மூலமே இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் கட்டிலும் கவனிப்பும் நல்ல உணவும் பெற்றார்கள். மறு பிரிவினர் நெரிசலான வீடுகளில், கிடைத்ததை உண்டு, கூடிய சீக்கிரம் வேலைக்கும் திரும்பினார்கள். இரு பிரிவினருக்கும் மாத்திரை ஒன்றே. ஓராண்டு முடிவில் குணமடைந்தவர் கணக்கு இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். பெரிய பெரிய பண்டிதர்கள் சத்தியம் செய்த ஆகார நம்பிக்கையை ஓர் எளிய ஒப்பீடு கவிழ்த்துவிட்டது; உலகெங்கும் க்ஷயத்துக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை பரவ அது வழிகோலிற்று. அந்த முடிவு அச்சில் வந்த ஆண்டு 1959, கெர்சன் மறைந்த அதே ஆண்டு. சானடோரியத்தில் கொடுத்தது கெர்சனின் பத்தியமன்று என்பது உண்மையே. உணவு நோயைத் தீர்க்கிறதா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்கும் விதம் ஒன்று இருந்தது, அது இந்தச் சென்னையிலேயே கையாளப்பட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பத்தியம் என்றாலே நவீன வைத்தியர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் முழுவதும் சரியன்று. கெர்சனைப்போலவே ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய வால்டர் கெம்ப்னர் என்பவர், டியூக் பல்கலைக்கழகத்தில், அதிதீவிர ரத்தக் கொதிப்புக்கு வெறும் அரிசிச் சோறும் பழமும் சர்க்கரையும் கொண்ட உப்பில்லாப் பத்தியத்தை விதித்தார். இரண்டு வாரத்தில் திரும்பி வரச் சொன்ன ஒரு பெண்மணி, அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பு புரியாமல் இரண்டு மாதம் கழித்து, பெரிதும் தேறிய நிலையில் வந்து நின்றார் என்பது அந்தப் பத்தியத்தின் சரித்திரத்தில் ஒரு சுவையான சம்பவம். கெம்ப்னரையும் ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. ஆனால் வீங்கிய இதயம் சுருங்குவதைக் காட்டும் எக்ஸ்ரே படங்களையும், கண்ணின் உட்படங்களையும், ரத்த அழுத்தக் கணக்குகளையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு அவர் காட்டியபோது, சந்தேகித்தவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. குணத்தில் கெர்சனைவிட உயர்ந்தவர் அவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நோயாளிகளை அவர் நடத்திய விதம் பற்றி வந்த புகார்கள் ரசிக்கத்தக்கவையல்ல. சரக்கு நன்றாயிருந்தது, ஏற்கப்பட்டது.

கெர்சன் காலமானபின் அவருடைய மகள் 1977இல் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மெக்ஸிகோவின் டிஹுவானாவில் சிகிச்சை இன்றும் நடைபெறுகிறது. ஈரல் சாறு அருந்தியவர்களிடையே கொடிய நுண்ணுயிர்த் தொற்று கண்டபின் 1989இல் அந்தச் சாறு மட்டும் கைவிடப்பட்டது. காப்பி எனிமாவை மிகையாகக் கையாண்ட இருவர் உடம்பின் உப்புகளின் சமநிலை குலைந்து இறந்த செய்தி 1980இல் வெளியாயிற்று. கெர்சன் முறையையே ஒப்பீட்டுப் பரீட்சைக்கு எவரும் உட்படுத்தவில்லை; ஆனால் அதற்கு உறவான, சாறும் காப்பி எனிமாவும் கணைய நொதிகளும் கொண்ட நிக்கலஸ் கொன்ஸாலஸின் முறையைக் கணையப் புற்றுநோயில் மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்கள் 14 மாதமும், அந்த முறையை மேற்கொண்டவர்கள் 4.3 மாதமும் வாழ்ந்தனர். பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு உரிய சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று.

புற்றுநோய் கண்ட குடும்பத்தின் வாசலில் முதலில் வந்து நிற்பவர்கள் அன்புள்ள உறவினர்களே. அத்தையோ, மாமாவோ, பழைய சிநேகிதரோ, எங்கோ ஒருவர் சாறு குடித்துப் பிழைத்த கதையோடு வருவார்கள். அவர்களை அவமதிக்க வேண்டாம். எத்தனை பேர் குடித்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். காரட்டுச் சாறு பிடித்தால் குடியுங்கள். குடிப்பதை உங்கள் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் மிகுந்த சாறு ஆபத்தாகலாம். சாற்றின் பொருட்டு, குறித்த நாளில் செய்துகொள்ள வேண்டிய ரண சிகிச்சையையோ, மருந்தையோ, கதிர்வீச்சையோ ஒரு வாரமும் தள்ளிப்போடாதீர்கள்.