தீப்புண்ணும் கருந்தோலும்

மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் காத்தவர் ராமர் என்கிறார்கள். அவ்வூர் அடுப்பங்கரையில் தீப்பட்ட பெண்ணைக் காப்பவர் யார்? விபூதியா, மஞ்சளா, பேனா மையா? 20 நிமிஷம் ஓடும் தண்ணீரும், பிறகு வைத்தியருமேயாகும்.

தீப்புண்ணின் படத்தைப் பார்த்து அதன் ஆழத்தைச் சொல்ல இப்போது இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். வரவேற்கிறோம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போதுமா, கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டுக்கே அனுப்புவதா என்று சிற்றூர் நர்ஸ் தீர்மானிக்க இது உதவக்கூடும்.

நிற்க, வைத்தியர்கள் குறித்துக் கொடுத்த படங்களில் கண்டதைத்தான் இயந்திரம் அறியும். வெள்ளைத் தோலையே காட்டிப் பழக்கினால், கருந்தோலில் மங்கித் தெரியும் சிவப்பு அதன் கண்ணுக்குப் படுமா? ஆகவே நம்மவர் படங்களையும் அவர்கள் சம்மதத்துடன் சேர்த்து, நம் ஆஸ்பத்திரிகளிலேயே சோதித்த பிறகு உபயோகிக்கட்டும். சோதிக்காமல் நம்பினால், இயந்திரமும் இன்னொரு சாமியேயாகும்.