‘இதில் நீ செய்தது என்ன?’

ஏப்ரல் வந்துவிட்டால் பொறியியல் கல்லூரி விடுதிகளில் விளக்கு அணைவதில்லை. இறுதியாண்டு மாணவர்களுக்கு வைவா நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில், பைண்டிங்குக்கு வந்த புராஜெக்ட் அறிக்கைகள் மலையாகக் குவிந்து கிடக்கும். எரிந்துபோன சென்சாருக்கு மாற்று வாங்க, சென்னைப் பிள்ளைகள் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். முந்தின நாள் இரவு ஜோராக ஓடிய மோட்டார், காலையில் எக்ஸ்டர்னல் வந்து நின்றதும் அசைய மறுக்கும்.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இந்தப் பதற்றம் பழகிப்போன ஒன்று. ஆனால், இந்த புராஜெக்ட்டை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. பல நேரங்களில் மாணவர்களும் யோசிப்பதில்லை.

நான்கு வருடப் படிப்பில் மற்ற எல்லாத் தேர்வுகளிலும் கேள்வியை யாரோ தயாரிக்கிறார்கள். மாணவர் பதில் எழுதுகிறார். புராஜெக்ட்டில் மட்டும் கேள்வியையும் மாணவரே தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சில நேரம் கைடுக்கும் தெரியாது. நாளை வேலைக்குப் போனால் காத்திருப்பவை இந்த மாதிரிக் கேள்விகள்தான். அதற்குத்தான் இந்த ஒத்திகை.

அந்த ஒத்திகையைத்தான் பலர் காசு கொடுத்துத் தவிர்த்துவிடுகிறார்கள்.

தலைப்பைச் சொன்னால் போதும். சர்க்யூட், கோடிங், பி.பி.டி., அறிக்கை என எல்லாவற்றையும் செய்து கையில் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லித் தருவார்கள். “எல்லாரும் இப்படித்தாம்பா வாங்குறாங்க” என்று பிள்ளை சொல்ல, அப்பாவும் பணத்தை அனுப்பிவிடுகிறார். மாணவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒரு பக்கம் இன்டர்வியூ, ஒரு பக்கம் அரியர், ஏகப்பட்ட குழுக்களை ஒரே ஆளாகச் சமாளிக்கும் கைடு, சாயங்காலமே பூட்டிவிடும் லேப். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘டெமோ ஓடாவிட்டால் மார்க் போய்விடும்’ என்ற பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் கடைகள் நடக்கின்றன.

அனுபவமுள்ள தேர்வாளர்கள் மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. “இதில் நீ செய்தது என்ன?” என்று ஆரம்பிப்பார்கள். “ஏன் இந்த சென்சார்? இதைவிட விலை குறைந்தது போதாதா?” என்பார்கள். “எங்கே தப்பு வந்தது? எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேட்கும்போது வாங்கிய புராஜெக்ட் மாட்டிக்கொள்ளும். சொந்தமாகச் செய்தவர்களிடம் தப்பு நடந்த கதைகள் நிறைய இருக்கும். வாங்கியவர்களிடம் ஒன்றுகூட இருக்காது.

சரி, ஒரு மாணவர் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதால் என்ன நடந்துவிடப் போகிறது? அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்த்தால் புரியும்.

நியூயார்க்கில் 59 மாடிகள் கொண்ட சிட்டிகார்ப் கட்டடம் 1977-ல் திறக்கப்பட்டது. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால், வழக்கம்போல நான்கு மூலைகளில் பெரிய தூண்களை நிறுத்த முடியவில்லை. அதனால் நான்கு பக்கங்களின் நடுவில் அந்தத் தூண்களை நிறுத்தி, ஒன்பது மாடி உயரத்துக்கு மேலே கட்டடத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் கட்டுமானப் பொறியாளர் வில்லியம் லெமெஷரர், துறையில் பெரிய பெயர் எடுத்தவர்.

அடுத்த ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பொறியியல் மாணவியான டயான் ஹார்ட்லி, தன் ஆய்வறிக்கைக்கு இந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டார். காற்று ஒரு பக்கத்தில் நேராக மோதினால் என்ன ஆகும் என்பதோடு நிறுத்தாமல், மூலையில் சாய்வாக மோதினால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டார். மூலையில் அடிக்கும் காற்று ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களைத் தள்ளும். மூலைகளில் தூண் உள்ள கட்டடம் அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தக் கட்டடத்துக்கோ மூலைத் தூண்களே இல்லை. ஹார்ட்லியின் கணக்கில் சுமை கூடுதலாக வந்தது.

லெமெஷரரின் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு கேட்டார். கட்டடம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று அங்கிருந்த இளம் பொறியாளர் ஒருவர் பதில் சொன்னார். ஹார்ட்லி அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதே 1978-ல், ஒரு மாணவரிடமிருந்து வந்த கேள்வியால் லெமெஷரர் தன் பழைய கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தார். கேட்டது ஹார்ட்லியா, வேறொரு கல்லூரி மாணவரா என்பதில் இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. மூலைக் காற்று அடித்தால், சுமையைத் தாங்கும் சில சாய்வுச் சட்டங்களில் அழுத்தம் 40 சதவிகிதம் கூடும் என்று தெரிந்தது. அதைவிட மோசமான விஷயம் ஒன்றும் இருந்தது. வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளை, செலவைக் குறைப்பதற்காக போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அந்த இணைப்புகளில் சுமை 160 சதவிகிதம் கூடும். புயலில் மின்சாரம் போய், கட்டடத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் கருவி நின்றுவிட்டால், சராசரியாக 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்றது அவருடைய கணக்கு.

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை, உரிமையாளர்களிடம் தானே போய்ச் சொன்னார். ஆகஸ்டில் வேலை தொடங்கியது. இரவு நேரங்களில், 200-க்கும் மேற்பட்ட இணைப்புகளின் மீது 2 அங்குலத் தடிமனுள்ள எஃகுத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார்கள். வேலை முடிவதற்குள் செப்டம்பரில் ஒரு புயல் கிளம்பி மிரட்டிவிட்டு, கடல் பக்கமே திரும்பிப் போனது. கட்டடம் இன்றும் நிற்கிறது. 1995-ல் ‘தி நியூயார்க்கர்’ இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகுதான் இந்த விவரங்கள் ஊருக்குத் தெரிந்தன. ஹார்ட்லிக்கோ, இது பற்றிய தொலைக்காட்சிப் படம் ஒன்றைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்த மாணவி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் கட்டி முடித்ததை, சரியாக இருக்கிறதா என்று தன் கையால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு இடித்தபோது, துணிந்து கேட்டார். கணக்கையே கடையில் வாங்கியிருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்காது.

நம் மாணவர்கள் 59 மாடிக் கட்டடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் வருடா வருடம் வரும் தானியங்கிப் பாசன புராஜெக்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். தொட்டி மண்ணில் சென்சாரைச் செருகி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் மோட்டார் நிற்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால், அதில் போடும் மலிவான இரண்டு முள் சென்சாரை ஈர மண்ணில் அப்படியே விட்டுவைத்தால், நாளாக ஆக முள் அரித்துப்போகும். ஈரத்தைத் தப்பாகக் காட்டும். அதை நம்பி மோட்டாரை விட்ட விவசாயியின் பயிர் காயும், அல்லது அழுகும்.

அதே சென்சாரை ஒரு மாதம் மண்ணில் விட்டு, தினமும் அளவைக் குறித்து, ‘இத்தனையாவது நாளில் பொய் சொல்ல ஆரம்பித்தது’ என்று எழுதும் குழு, டெமோவில் மோட்டார் ஓடாமல் போனாலும் பொறியாளர் வேலையைச் செய்திருக்கிறது. தேர்வாளர்கள் அதற்கு மார்க் போட வேண்டும். ஓடவில்லை என்று சொல்வதற்கு மாணவர்கள் பயப்படாத நாளில்தான் கடைகளில் கூட்டம் குறையும்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. புராஜெக்ட்டுக்கு என்று பணம் கேட்டால் கொடுங்கள். கொடுக்கும்போது, எதை வாங்கப் போகிறாய் என்று கேளுங்கள். மோட்டார், போர்டு, ஒயர் என்று பதில் வந்தால் சந்தோஷம். ‘எல்லாம் சேர்த்து ஒரே ரேட்’ என்று வந்தால், உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கும். பொறியியல் தெரியாத அம்மாகூட, “எனக்குப் புரியுற மாதிரி சொல்லு, இது என்ன பண்ணும்?” என்று கேட்கலாம். சொந்தமாகச் செய்த பிள்ளை அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது.

வைவா அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு வேலைக்கான நேர்முகத் தேர்வில், “உங்க புராஜெக்ட் பத்திச் சொல்லுங்க” என்பார்கள். அங்கே பதில் சொல்ல, கடைக்காரர் கூட வரமாட்டார்.