தோள் தப்பிச்சாச்சு... காது?

நியூட்டனோட மூணாவது விதியை மனப்பாடம் பண்ணி நாம மார்க் வாங்கினோம். அதையே தோள்ல வாங்குறவங்க, ரைஃபிள் சுடுறவங்க! குண்டு முன்னால பாயும். துப்பாக்கி பின்னால உதைக்கும். அந்த உதையைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் சமாசாரம்தான் 'மஸில் பிரேக்'. (ஜிம்முல ஏத்துற மசில் இல்லை பாஸ்... துப்பாக்கியோட வாய்க்குப் பேர்தான் மஸில்!)

மேட்டர் சிம்பிள். உதைக்குக் காரணம் குண்டு மட்டும் இல்லை. மருந்து எரிஞ்சு வாயுவாகி, குண்டைவிட வேகமா வெளியே சீறும். அதுக்கும் உதையில பங்கு உண்டு. பிரேக்கில் உள்ள துளைகள் அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னாலயும் திருப்பிவிடும். அப்போ வாயு பிரேக்கை முன்னால தள்ளும். உதை குறைஞ்சிடும்!

அமெரிக்காவின் 'பேரட்' மாதிரி 12.7 மி.மீ. துப்பாக்கியில் குண்டு சுமார் 42 கிராம். மருந்தே சுமார் 15 கிராம்! அங்கே பிரேக் ரொம்ப அவசியம். நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரான 'வித்வன்சக்'கிலும் இது உண்டு. குழல் துள்ளாததால் குறி சட்டுனு விலகாது. அடுத்த குண்டையும் சீக்கிரம் சுடலாம். ஆனா, என்.சி.சி. கேம்ப்ல நீங்க சுட்ட பாயின்ட் 22-ல மருந்து சுமார் 0.1 கிராம்தான். அதுக்குப் பிரேக் மாட்டுறது, சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டுற கதை!

இப்போ வில்லங்கத்துக்கு வருவோம். வாயு திரும்பினா சத்தமும் கூடவே திரும்பும். 140 டெசிபலைத் தாண்டினா ஒரே வெடிச் சத்தம்கூட காதைக் கெடுக்கலாம். ரைஃபிள் பிரேக் இல்லாமலே அதைத் தாண்டிடும். பிரேக் மாட்டினா சுடுறவர் காதுக்கு இன்னும் எகிறும். பக்கத்துல நிக்கிறவர் பாடு அதைவிட மோசம். உள்காதின் நுண்முடி செல்கள் செத்தா மறுபடி முளைக்காது. அதனால காதடைப்பான் வெச்சு, அது மேல காதுமூடியும் போடணும். பக்கத்துல இருக்கிறவரும்தான்!

போர்க்களத்தில் இன்னொரு சிக்கல். படுத்துச் சுட்டா வாயு புழுதியைக் கிளப்பி, ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சோவியத்தின் ஏகே-74 உதையைக் குறைக்கப் பிரேக்கை எடுத்துக்கிச்சு. அமெரிக்காவின் எம்-16 தீச்சுடரைக் குறைக்கும் முனையைப் போதும்னு வெச்சுக்கிச்சு. ரெண்டுமே தெரிஞ்சு செஞ்ச பேரம்தான்.

ஆக, உதை எங்கேயும் மாயமா மறையலை. ஒருத்தர் தோளை விட்டு இன்னொருத்தர் காதுக்குப் போகுது. நாளைக்கு நீங்க எதை டிசைன் பண்ணினாலும் இதைக் கேட்டுடுங்க: பக்கத்துல நிக்கிறவருக்கு என்ன ஆகும்?